பெயருக்கு முன்னால் இரண்டெழுத்து

கூரியர் கொண்டுவந்த சுதீஷ் உறையைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றான்.

பூதலிங்கம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அடையாள அட்டையும் காட்டியாகிவிட்டது. ஆனாலும் சுதீஷ் வலதுகால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான்.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? காலையில எழும்பி காலைத் தரையில வச்சா குதிகால்ல ஒரு வேதனை. நடந்து நடந்து உச்சைப் பொழுதுக்குத்தான் மாறும். எக்ஸ்ரே எடுக்கணுமா?"

"அதை என்கிட்ட ஏன்டே கேக்க?"

சுதீஷ் உறையைச் சுட்டிக்காட்டினான். விலாசத்தில், ஆங்கிலத்தில், 'டாக்டர் பூதலிங்கம்' என்று அச்சாகியிருந்தது. பூதலிங்கம் உறையை அங்கேயே கிழித்தார். உள்ளே இருந்த புத்தம்புது ஏ.டி.எம். கார்டிலும் அதே டாக்டர், அதே பூதலிங்கம்.

ஆங்கிலத்தில் டாக்டர் என்பதற்கு இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்து வந்திருக்க வேண்டிய இடம் அதுவல்ல. அது அவர் மனைவி விஜயத்தின் பெயருக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

சுதீஷிடம் வெந்நீரில் காலை வைக்கும்படி சொல்லி அனுப்பினார். டாக்டர் இல்லாத எவரும் சொல்லக்கூடிய வைத்தியம்தான் அது. ஆனால் சுதீஷ் டாக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு போனான்.

பூதலிங்கம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருஷம் இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். திருவனந்தபுரத்தில் பாதிப் பேருடைய அப்பா பெயர் அவருக்கு மனப்பாடம். ஊர் உலகத்தில் ஒரு விஷயம் நடந்தது என்பதற்கு அவரிடம் ஒரே அத்தாட்சிதான் உண்டு. அது எங்காவது எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும். கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார் என்று அவருடைய மச்சினன் இப்போதும் சொல்வான்.

விஜயம் வேறு ரகம். மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் டீச்சர். நாற்பத்தாறு வயதில் திடீரென்று, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னாள். விழிஞ்ஞம் கடற்கரை மணலில் வளரும் செடிகொடிகளைப் பற்றிய ஆராய்ச்சி. அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பூதலிங்கம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இந்த வயசில் டாக்டராகி யாருக்கு ஊசி போடப்போகிறாய் என்று கேட்டார். வீடே சிரித்தது. விஜயமும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் ஏறினாள். எட்டு வருஷம் ஏறினாள். வாரம் முழுக்கப் பாடம் நடத்தி, பரீட்சைப் பேப்பர் திருத்தி, வீட்டில் சமைத்து, ஞாயிறு விடிந்ததும் தொப்பியும் பையுமாகக் கிளம்பிவிடுவாள். துறைமுக வேலைக்கு லாரி லாரியாகக் கல் வந்து இறங்க இறங்க, எந்தக் கொடி செத்தது, எந்தக் கொடி கல்லுக்குள் நுழைந்து பிழைத்தது என்று அடி அடியாக அளந்து எழுதினாள். மீன்காரர்கள் அவளுக்குச் 'செடி டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அடப்பங்கொடி எங்கே புதிதாய்த் தளிர்விட்டாலும் போன் செய்து சொன்னார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து பூதலிங்கமும் குடை பிடிக்கக் கூடவே போனார். முதலில் கௌரவத்துக்காக அவளிடமிருந்து பத்தடி தள்ளி நின்று பிடித்தார், பிறகு பக்கத்தில் நின்று பிடித்தார். ஐந்தாம் வருஷம் ராவணன் மீசை எது, சாதாரணப் புல் எது என்று அவருக்கே தெரிந்தது.

போன சித்திரையில் பட்டம் கிடைத்தது. விஜயம் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வாசலில் பலகை மாட்டவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பூதலிங்கத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் சபையில் கேட்ட அந்த ஊசிக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் ரெக்கார்டைத் திருத்தும் பழக்கம் உண்டு.

ஆவணி அஸ்தம் அவள் பிறந்த நட்சத்திரம். ஊரே வாசலில் ஓணத்துக்குப் பூக்களம் போடத் தொடங்கும் நாள், மலையாளத்தில் அத்தம். அன்றைக்கு 'டாக்டர்' என்று அச்சடித்த கார்டை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். கடையிலோ, ஆஸ்பத்திரியிலோ, எங்கே நீட்டினாலும் எதிரில் இருப்பவன் 'டாக்டர்' என்று வாசித்தே ஆக வேண்டும்.

அந்த நாளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது கிழக்கேகோட்டையிலுள்ள வங்கிக் கிளைக்குப் போனார். அங்கே நீது என்ற பெண் அதிகாரி இருந்தாள். அப்பா மலையாளி, அம்மா நாகர்கோவில், பேச்சில் இரண்டும் கலந்து வரும். விண்ணப்பத்தை வாசித்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"மேடத்துக்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?"

"அது கார்டுல வராது சார், கேட்டோ. காரணம் என்னன்னா..."

பூதலிங்கம் காரணத்தைக் கேட்கவில்லை. எந்த விதி, எந்தச் சுற்றறிக்கை, எந்தத் தேதி என்று அவர்தான் கேட்டார். பெயர், பட்டம், பதவி ஆகியவற்றை ஆவணத்தில் ஏற்றும் முறை பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். பின்னால் நின்ற வரிசை முனகத் தொடங்கியது. நீது ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று நினைத்தவள்போல விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பூதலிங்கம் அதை அதிகார அலட்சியம் என்று முடிவு கட்டினார்.

வீட்டுக்கு வந்து போனில் வங்கிச் செயலியைத் திறந்தார். அது அவர்கள் இருவருக்கும் சேர்ந்த கணக்கு. விஜயத்தின் கார்டைத் தொட்டு, 'விவரம் மாற்று' என்பதைத் தொட்டு, பட்டங்களின் பட்டியலில் 'டாக்டர்' என்பதையும் தொட்டார். கார்டு அவளுடையதாக இருந்தாலும் போன் தன்னுடையது, கணக்கில் முதல் பெயரும் தன்னுடையது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதன் பலன்தான் சுதீஷின் குதிகால்.

கூரியரில் வந்த கார்டை மேசை இழுப்பறைக்குள் ஒளித்துவிட்டு வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் வீணை கேட்ட பிறகு, எங்கோ தூரத்து ஊரிலிருந்து ஒரு பெண் பேசினாள். பட்டம் சம்பந்தமான எதற்கும் சான்றிதழ் ஏற்ற வேண்டும் என்றாள். யார் டாக்டர் என்பதற்குச் சான்றிதழைவிட என்ன வேண்டும். பூதலிங்கம் பீரோவைத் திறந்து, விஜயத்தின் பட்டத்தைப் படமெடுத்து, இதில் பெயருள்ளவரே டாக்டர் என்று ஒரு கடிதமும் சேர்த்து அனுப்பினார்.

இரண்டு நாளில் குறுஞ்செய்தி வந்தது. 'அன்புள்ள டாக்டர் பூதலிங்கம், உங்கள் பட்டம் சரிபார்க்கப்பட்டு உறுதி செய்யப்பட்டது.'

இதற்குள் சுதீஷின் குதிகால் வலி வெந்நீரில் குணமாகிவிட்டது. அவன் சும்மா இருக்கவில்லை. குடியிருப்பின் சங்கச் செயலாளர் மகாராஜாவிடம் சொல்லிவிட்டான். மகாராஜா சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். வலியசாலைப் பக்கம் வேறெந்தக் குடியிருப்பிலும் இல்லாத ஒன்று தம் குடியிருப்பில் இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை அவருக்கு. மறுநாள் காலை லிப்டுக்குள் அவசர எண்களின் பட்டியல் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ். நாலாவதாக, டாக்டர் பூதலிங்கம், இரண்டாம் மாடி.

முதலில் வந்தவர் கீழ்வீட்டு முத்தாரம்மாள். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினையும் தானே கொண்டுவந்திருந்தார்.

பூதலிங்கம் தான் டாக்டர் இல்லை என்று கும்பிட்டுச் சொன்னார்.

"நல்ல டாக்டர்மாரு இப்பிடித்தான் சொல்லுவாங்க. நீங்க இவ்வளவு நாளும் வெளிய காட்டிக்கிடாம இருந்ததே பெரிய காரியமாக்கும்" என்று முத்தாரம்மாள் கையை நீட்டினார்.

வேறு வழியில்லாமல் உப்பைக் குறைக்கச் சொன்னார். முத்தாரம்மாள் குறைத்தார். அழுத்தமும் குறைந்தது. அடுத்த வாரம் நேந்திரங்காய் வறுவலும் இரண்டு நாத்தனார்களுமாக வந்தார். பூதலிங்கம் அதற்குப் பிறகு லிப்டைத் தவிர்த்து மாடிப்படியில், அதுவும் எட்டிப் பார்த்துவிட்டே இறங்கினார்.

விஜயம் பட்டியலைப் பார்க்காமல் இருப்பாளா. இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தோசையைப் போட்டபடி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டாள்.

"ஊசியும் போடுவீங்களா, இல்ல, வெறும் வாய்வைத்தியம்தானா?"

பூதலிங்கத்துக்குப் புரையேறியது. அவள் தண்ணீர் கொடுத்தாள், தலையில் தட்டினாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்கு அதிகம் வலித்தது. எட்டு வருஷமாக அந்தக் கேள்வி அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அஸ்தத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இனி போனை நம்பிப் பிரயோஜனமில்லை, முத்திரைத்தாள்தான் வழி என்று வஞ்சியூருக்குப் போய் ஒரு நோட்டரியைப் பிடித்தார். வாசகத்தைத் தானே எழுதினார். பூதலிங்கம் ஆகிய நான், சுய நினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் உறுதி கூறுவதாவது: நான் எவ்விதத்திலும் டாக்டர் அல்ல, இதற்கு முன் எக்காலத்திலும் டாக்டராக இருந்ததில்லை, இனிமேல் ஆகும் உத்தேசமும் இல்லை, இக்குடும்பத்தில் டாக்டர் என்பவர் என் மனைவி விஜயம் ஒருவரே. நோட்டரி வாசித்துவிட்டு, இவ்வளவு பழுதில்லாத வாசகத்தைப் பார்த்து நாளாயிற்று என்று பாராட்டினார். பூதலிங்கம் மகிழ்ந்துபோய் அதை வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

தலைமை அலுவலகத்தில் ஒரு பக்கம் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ் இருந்தது. மறுபக்கம், அந்த மனிதரே தான் டாக்டர் இல்லை என்று சத்தியம் செய்த முத்திரைத்தாள் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றுதான் தோன்றியிருக்க வேண்டும்: இதில் ஏதோ மோசடி.

அத்தத்தன்று சனிக்கிழமை. விஜயம் காலையிலேயே வாசலில் சின்னதாக ஒரு பூக்களம் போட்டுவிட்டு, பிறந்தநாள் சேலை எடுக்கக் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்தாள். பத்தரைக்குப் பூதலிங்கத்தின் போனில் செய்தி வந்தது. 'பட்டம் குறித்த முரண்பாட்டால் உங்கள் கணக்கும் அதைச் சேர்ந்த கார்டுகளும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளன.' அவர் அதை வாசித்து முடிப்பதற்குள் விஜயம் அழைத்தாள்.

"இஞ்ச பாருங்க, கார்டு எடுக்க மாட்டேங்குது. சேலையைப் பொதிஞ்சு வச்சுக்கிட்டு நிக்காங்க. பக்கத்துலதானே பாங்கு, நான் போயி என்னான்னு கேட்டுட்டு வாறேன்."

"நீ போகாத. வெயிலு. நான் போறேன். நீ காப்பி குடி."

"காப்பிக்கும் கார்டுதான் வச்சிருக்கேன்" என்றாள் விஜயம். இருந்தாலும் அரை மணி நேரம் பார்ப்பதாகச் சொன்னாள்.

பூதலிங்கம் ஆட்டோ பிடித்தார். கிள்ளிப்பாலத்தில் ஓண நெரிசல். பாதியில் இறங்கி நடந்தார், பிறகு ஓடினார். விஜயம் முந்திக்கொண்டு வங்கிக்குள் நுழைந்தால் அவர்கள் எடுத்து நீட்டப்போவது அந்த முத்திரைத்தாளைத்தான். பிறந்தநாளும் அதுவுமாக, கடைத்தெருவில் ஒரு சேலைக்குக்கூட வழியில்லாமல் அவளை நிற்க வைத்திருக்கிறார். முன்பு சபையில் அவமானப்படுத்தியது போதாது என்று இப்போது ஜவுளிக்கடையிலும்.

நீதுவின் மேசை முன் போய் உட்கார்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. நீது கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சான்றிதழ், கடிதம், முத்திரைத்தாள். மூன்றாவதை வாசிக்கும்போது கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. இதை நான் டைப் பண்ணணும். நீங்க டாக்டரா, இல்லையா?"

"இல்லைம்மா."

நீது தட்டினாள். எங்கோ ஒரு கணினியில் பூதலிங்கத்தின் பெயருக்கு முன்னால் இருந்த இரண்டெழுத்து போயிற்று. கணக்கு பத்து நிமிஷத்தில் திறந்துவிடும் என்றாள். அவர் எழுந்து போயிருக்கலாம். ஆனால் போகவில்லை. யாரிடமும் சொல்லாததை, பாதி மலையாளியான அந்தப் பெண்ணிடம், வரிசை கேட்டுக்கொண்டிருக்க, சொல்லத் தொடங்கினார். சபையில் கேட்ட கேள்வி, வீடு சிரித்தது, விஜயமும் சிரித்தது, எட்டு வருஷத்து பஸ், வெயில், லாரிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டு அவள் மணலை அளந்தது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அவள்மேல் புதிதாக ஒரு மலைப்பு வந்தது.

"ஊருல எல்லாருக்க பேரையும் திருத்தி எழுதியிருக்கேன் மோளே. என் வாயிலேருந்து வந்த ஒரு வரியைத் திருத்த எனக்கு வேற இடம் தெரியல்ல. அதான் இங்க வந்தேன்."

வரிசையில் இந்தத் தடவை யாரும் முனகவில்லை. நீது ஒரு காலி விண்ணப்பத்தை எடுத்து, பெயர் எழுதும் கட்டங்களைப் பேனா முனையால் தொட்டு எண்ணிக் காட்டினாள். இருபத்திரண்டு. கார்டில் அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட ஏறாது. விஜயம் பூதலிங்கம் என்று ஆங்கிலத்தில் எழுதினாலே, நடுவில் விடும் இடத்தோடு சேர்த்து இருபத்தொன்று ஆகிவிடுகிறது. டாக்டருக்கு இரண்டெழுத்தும் ஓர் இடைவெளியும், ஆக இன்னும் மூன்று வேண்டும். இருப்பதோ ஒன்று.

பூதலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. முப்பத்துமூன்று வருஷ அனுபவத்தில் இதைவிடச் சுலபமான திருத்தம் அவர் கண்டதில்லை.

"இவ்வளவுதானா? என் பேரை வெட்டிடு. வெறும் 'பி' போதும். ஆபீசுல நானே பி. லிங்கம்னுதான் போடுவேன், எல்லாவனும் பூதம்னு சொல்லிச் சிரிப்பான்னு. அந்தப் பேரை வச்சு அவளுக்கு என்ன ஆகப்போகுது?"

நீது பேனாவை மூடி வைத்தாள்.

"பட்டம் கிடைச்ச வாரமே மேடம் சர்டிபிகேட்டோட இங்க வந்தாங்க சார். சார் பேரை வெட்டினா டாக்டர் ஏறும்னு நானும் சொன்னேன். 'டாக்டராக எனக்கு எட்டு வருஷம்தான் ஆச்சு மோளே, பூதலிங்கத்தை மனுஷனாக்க முப்பத்தொரு வருஷம் ஆச்சு, எது பெரிய பட்டமோ அது கார்டுல கிடக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."